துடைத்தெடுத்த ரத்தம்

இரண்டு அறிக்கைகளை இரண்டு கைகளிலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆலைத் தரப்பு வக்கீல் சேஷகிரி தீர்ப்பாயம் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பேசுவதற்கு முன்பே ஜெயித்துவிட்டவரின் நிதானம் அது.

"இடது கையில் இருப்பது டாக்டர் நிரஞ்சனா செப்டம்பரில் செய்த பரிசோதனை. அக்னிதாரா பாட்டரி ஆலையில் வேலை பார்க்கும் இருபத்தாறு பேரின் ரத்த அணுக்களிலும் நிக்கல் தூசி பதித்த தடம் இருக்கிறது என்கிறார். வலது கையில் இருப்பது, இந்தத் தீர்ப்பாயமே உத்தரவிட்டு மார்ச்சில் நடந்த மறுபரிசோதனை. அதே இருபத்தாறு பேர். மூன்று ஆய்வகங்கள். ஒரு தடம்கூட இல்லை. டாக்டர், ஆறு மாதத்தில் அந்தத் தடம் தானாக மறையுமா?"

"மறையாது" என்றாள் நிரஞ்சனா.

"அப்படியானால் உங்கள் அறிக்கை?"

"உண்மை."

"அந்த மூன்று ஆய்வகங்களின் அறிக்கை?"

அவள் அதை நான்கு முறை படித்திருந்தாள். குறை சொல்ல ஓர் எழுத்துக்கூட அகப்படவில்லை. "அதையும் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சேஷகிரி சிரிக்கவில்லை. அறிக்கைகளை மேசைமேல் வைத்துவிட்டு, "எனக்கு வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்தார். பதினைந்தே நிமிடத்தில் மனு தள்ளுபடி ஆனது. நிக்கல் பொடி அரைக்கும் கூடத்தை மூடச் சொல்லிக் கேட்டவர்கள், மறுநாள் காலை ஷிப்டுக்கு அதே கூடத்துக்குள் போக வேண்டும்.

வெளி வராந்தாவில் மாதம்மா அவளை மறித்தாள். மனுவில் முதல் கையெழுத்து மாதம்மாவுடையது. இரண்டாவது அவள் கணவன் முனிராஜுடையது. பொடிக்கூடத்தில் ஒன்பது வருடம் நின்ற முனிராஜுக்கு இப்போது வராந்தாவின் ஆறு படி ஏறுவதற்கே இரண்டு முறை நிற்க வேண்டியிருந்தது.

"டாக்டரம்மா, நீங்கதான சொன்னீங்க? அணுவுக்குள்ள நூல் கண்டு இருக்குது, கண்டு மேல சீட்டு ஒட்டியிருக்குதுன்னு?"

"ஆமா."

"எந்தக் கண்டப் பிரிக்கணும், எதப் பிரிக்கக்கூடாதுன்னு அந்தச் சீட்டப் பாத்துத்தான் உடம்புக்குத் தெரியும். ஒட்ட ஒரு நொதி, கிழிக்க ஒரு நொதி. கிழிக்கிற நொதிக்குள்ள இரும்பு இருக்கணும், அந்த எடத்துல நிக்கல் போயி குந்திக்கிச்சு, அதனால சீட்டு மேல சீட்டு சேந்துட்டே போவுது. புத்துநோயத் தடுக்கிற கண்டெல்லாம் பூட்டிக்குது. சரியா சொல்றனா?"

இந்த ஆலைக்கு வருமுன் ஓசூரில் தையல் கம்பெனியில் வேலை பார்த்தவள் மாதம்மா. துணிக் கட்டின்மேல் சீட்டு ஒட்டுவதுதான் அங்கே அவள் வேலை. ஹிஸ்டோன் என்ற புரதக் கண்டைப்பற்றி நிரஞ்சனா ஒரே ஒரு முறைதான் சொல்லியிருந்தாள். கல்லூரி மாணவர்களைவிட இவள் தெளிவாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சரிதான், மாதம்மா."

"அப்ப அத்தன சீட்டயும் கிழிச்சது யாரு? நாங்க பொய் சொன்னமா? இல்ல நீங்க சொன்னீங்களா?"

நிரஞ்சனாவுக்கு முகம் எரிந்தது. "நான் எதுக்குப் பொய் சொல்லணும்? நீங்க யாராச்சும் எதாச்சும் மருந்து சாப்பிட்டீங்களா? நாட்டு மருந்து, லேகியம், ஏதாவது?"

"மருந்து வாங்க எங்களுக்கு யாரு லீவு குடுத்தா?" என்றாள் மாதம்மா. கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து மாதம்மாவிடமிருந்து போன் வந்தது. வணக்கம்கூட இல்லை.

"அவருக்கு உடம்பெல்லாம் செவசெவன்னு தடிச்சிருக்குது. காச்சல் கொதிக்குது. எனக்கும் வந்து இப்பத்தான் எறங்குது. லைன் வீட்டுல முப்பத்தி நாலு பேருக்கு. ஆஸ்பத்திரில தட்டம்மைங்கறாங்க. ஏம்மா, எனக்கு ஏழு வயசுலயே தட்டம்மை வந்துச்சு. ஒருக்கா வந்தா சாவற வரைக்கும் வராதும்பாங்களே?"

"குழந்தைங்களுக்கு?"

"அதான் எனக்குப் புரியல. ஒரு புள்ளைக்கும் இல்ல. பெரியவங்களுக்கு மட்டுந்தான். அதுலயும் கம்பெனிக்குப் போறவங்களுக்கு மட்டுந்தான்."

மாவட்ட மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் நிரஞ்சனா அந்தக் கடைசி வார்த்தையையே நினைத்துக்கொண்டு காரை ஓட்டினாள். தொற்று வார்டில் கட்டில்கள் போதாமல் தரையில் பாய் விரித்திருந்தார்கள். முப்பது, நாற்பது, ஐம்பது வயது உடம்புகள். குழந்தைகளுக்கு வரும் நோயில் அவர்கள் கிடந்த கோலம் பார்க்கச் சகிக்கவில்லை. பணியிலிருந்த டாக்டர், களைத்துப்போன ஓர் இளைஞர், அவளைப் பார்த்ததும் ஒரு தாளை நீட்டினார்.

"மேடம், இதைப் பாருங்க. தட்டம்மைக்கு எதிர்ப்பு இல்ல, சரி. சின்னம்மைக்கு இல்ல. பொன்னுக்கு வீங்கிக்கு இல்ல. போன வருஷம் ஆணி குத்தி ஊசி போட்டவருக்கு இரணஜன்னிக்குக்கூட இல்ல. பிறந்த குழந்தைக்காச்சும் அம்மாகிட்டேருந்து வந்தது கொஞ்சம் இருக்கும். இவங்களுக்கு அதுகூட இல்ல. இப்படி ஒரு ரத்தத்தை நான் பார்த்ததே கிடையாது."

நோயோடு சண்டை போட்ட ரத்த அணுக்கள் அந்த நோயை மறப்பதில்லை. அந்த ஞாபகமும் கண்டுகளின்மேல் ஒட்டிய சீட்டுதான். நிக்கலின் சீட்டைக் கிழித்தவர்கள் எல்லாச் சீட்டையும் கிழித்திருக்கிறார்கள்.

முனிராஜ் மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு இறந்தார். ஏற்கெனவே தூசி தின்ற நுரையீரல். அம்மையோடு வந்த சளிக்காய்ச்சலை அது இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. ஆலையின் மனிதவள அதிகாரி ஒரு மாலையோடு வந்து, "அம்மை வந்தா யார் என்னம்மா பண்ண முடியும்?" என்றார். மாதம்மா அந்த மாலையை வாங்கிச் சாக்கடையில் எறிந்தாள்.

அன்று மாலை பிணவறைக்கு வெளியே, வேப்பமர நிழலில், நிரஞ்சனா மீண்டும் அதே கேள்வியைக் கேட்டாள். இந்த முறை வேறு மாதிரி கேட்டாள். "கம்பெனில உங்களுக்கு எதாவது குடுத்தாங்களா?"

"டீ குடுத்தான். தீவாளிக்கு ஸ்வீட் குடுத்தான். ஜனவரில முகாம் போட்டு சத்து ஊசி குத்தினான்."

"ஊசியா? அன்னிக்குக் கேட்டப்ப இல்லன்னு சொன்னீங்களே!"

"நீங்க மருந்துன்னு கேட்டீங்க. அது சத்துன்னான். ஊசி போடலன்னா கேட்டத் தாண்டி உள்ள வராதன்னான். எரநூத்திப் பத்துப் பேரு வரிசையா நின்னு போட்டுக்கிட்டோம்."

"போட்டதும் உடம்புக்கு எப்படி இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல. வாயிதான் ரெண்டு நாளைக்குப் பூண்டு நாத்தம். பூண்டே தின்னாம பூண்டு நாத்தம். அவருகூடச் சிரிச்சாரு, எந்த வூட்டுல விருந்துன்னு கேட்டு..."

அந்தப் பூண்டு வாடை நிரஞ்சனாவுக்குத் தெரியும். தண்ணீரில் கரையாத ஒரு மருந்தைக் கரைக்கும் திரவத்தின் வாடை அது. நான்கு வருடம் அந்த வாடையோடுதான் அவள் வீட்டுக்குப் போனாள். அம்மா அவளுடைய துணிகளைத் தனியாகத் துவைப்பாள்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அந்த மருந்தை உருவாக்கியவள் அவள். சீட்டைக் கிழிக்கும் நொதிகளை உசுப்பிவிடுவதுதான் அதன் வேலை. ரத்தப் புற்றுநோயில் கிடக்கும் குழந்தைகளுக்காகச் செய்தது. நோயுற்ற அணுக்களில் தப்பாகப் பூட்டிக்கொண்ட கண்டுகளைத் திறந்துவிட்டால், அந்த அணுக்கள் ஒழுங்குக்கு வந்துவிடும் என்று நம்பினாள். ஆய்வகத்தில் அதைத் துலக்கி என்று கூப்பிட்டார்கள். பாத்திரம் துலக்குவதுபோல் அணுவைத் துலக்கும் என்று அவள்தான் பெயர் வைத்தாள். கடைசியில் காசு கொடுக்க ஆளில்லாமல் திட்டம் நின்றது. உரிமையை அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் ராமதுரை வாங்கிக்கொண்டார். அது எங்கோ அலமாரியில் தூங்குகிறது என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

ஆய்வகத்துக்குத் திரும்பியதும், ஜனவரி கடைசியில் மாவட்ட மருத்துவமனையில் ரத்தம் கொடுத்திருந்த இரண்டு தொழிலாளர்களின் மிச்ச மாதிரிகளை வரவழைத்தாள். துலக்கி உடம்பில் உடையும்போது விட்டுப்போகும் துணுக்கின் உருவம் உலகத்தில் நாலைந்து பேருக்குத்தான் தெரியும். தேடத் தெரிந்தவள் தேடினாள். இருந்தது.

ராமதுரையைப் போனில் கூப்பிட்டாள்.

"எப்படிம்மா இருக்கே?" என்றார் அவர். பழைய, தேன் தடவிய குரல்.

"சார், துலக்கியை யாருக்கு விக்கிறீங்க?"

"தேவைப்படறவங்களுக்கு. ரத்தத்துல இருக்கிற கெட்ட குறியை அழிக்கிறது நல்ல காரியம்தானே? நீயே எழுதியிருக்கே."

"குறியை அழிச்சா நோய் போயிடுமா? நுரையீரல்ல இருக்கிற நிக்கல் அப்படியேதான் இருக்கு. நீங்க ரத்தத்தை மட்டும் துடைச்சிருக்கீங்க. சாட்சியைத் துடைச்சிருக்கீங்க. அதோட அவங்க எதிர்ப்புச் சக்தி மொத்தத்தையும் துடைச்சிருக்கீங்க. ஒருத்தர் செத்துட்டார்!"

"கத்தாதே. எதிர்ப்புச் சக்தி போகும்னு எந்தக் கட்டுரையில இருக்கு, சொல்லு."

அவள் போனை மறுகாதுக்கு மாற்றினாள்.

"நீ எழுதின கட்டுரையில இல்ல" என்றார் ராமதுரை, நிதானமாக. "தடுப்பூசி போட்ட நாற்பது எலியில பதினொண்ணு அதே கிருமியில செத்துச்சு. அந்த அட்டவணையைக் கட்டுரையிலேருந்து எடுத்தது யாரு? நான் சொன்னேன், வாஸ்தவம். கையெழுத்து உன்னுது. எனக்குத் தெரியாது, என் மாணவி மறைச்சுட்டாள்னு நான் சொன்னா உலகம் நம்பும். பேசாம இரு. உனக்கும் நல்லது."

போனை வைத்த பிறகு அவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. ஆலைமேல் கோபம், சேஷகிரிமேல் கோபம், இந்தக் கிழவர்மேல் கோபம். அத்தனையும் சேர்ந்து கடைசியில் வந்து நின்ற இடம் அவள்தான். அன்றைக்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது. அந்த அட்டவணையைச் சேர்த்தால் அனுமதி இரண்டு வருடம் தள்ளிப்போகும். இரண்டு வருடத்தில் எத்தனை குழந்தைகள் சாகும் என்று கணக்குப் போட்டாள். நல்ல காரணம். பதினெட்டு வருடம் நிம்மதியாகத் தூங்கப் போதுமான அளவுக்கு நல்ல காரணம்.

பழைய ஆய்வுக் குறிப்பேடு அம்மா வீட்டுப் பரண்மேல் இருந்தது. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு நேராக மாதம்மா இருக்கும் சூளகிரிக்குப் போனாள். வக்கீலிடம் சொல்வதற்கு முன்னால் மாதம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் தீர்மானித்திருந்தாள்.

மாதம்மா வீட்டு வாசலில் முனிராஜின் வேலைச் சட்டைகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். யாருக்காகத் துவைக்கிறாள் என்று கேட்கும் தைரியம் நிரஞ்சனாவுக்கு வரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மருந்து, எலிகள், எடுத்துவிட்ட அட்டவணை. எதையும் மென்று விழுங்கவில்லை.

மாதம்மா சட்டையைப் பிழிந்து முடித்தாள். உதறிக் கொடியில் போட்டாள். பிறகுதான் திரும்பினாள்.

"எலி செத்தப்பவே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் எங்க வீட்டுக்கு வந்து, எங்க கைல குத்தி ரத்தம் எடுத்து, உங்களுக்கு நியாயம் வாங்கித் தரேன்னீங்க. அவரு உங்களச் சாமி மாதிரிப் பேசுவாரு. தெரியுமா அது?"

நிரஞ்சனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"தலையத் தூக்குங்க! குனிஞ்சிக்கிட்டா சரியாப் போச்சா? என்னால குனிய முடியுதா? காலைல எந்திரிச்சா கம்பெனி சங்கு ஊதுது, எந்திரிங்கன்னு பக்கத்துப் பாயத் தட்டறேன். தட்டிட்டு அப்புறம் ஞாபகம் வருது." அவள் குரல் உடைந்தது. உடைந்த குரலை அவளே வெறுத்தவள்போல் சத்தமாகச் சொன்னாள்: "இங்கேருந்து போங்க."

நிரஞ்சனா தெருமுனை வரைக்கும் போயிருப்பாள். பின்னால் ஈரக் காலோடு ஓடிவரும் சத்தம் கேட்டது.

"இத கோர்ட்டுல சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

"இப்ப எங்கிட்டச் சொன்ன மாதிரியே? எலியச் சேத்து?"

"எலியையும் சேர்த்து."

மாதம்மா அவளை ஒரு நிமிடம் வெறித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

தொழிலாளர்களின் வக்கீல் ஜப்பார் குறிப்பேட்டைப் புரட்டியபோது அவர் முகத்தில் முதலில் சந்தோஷமும் பிறகு பயமும் வந்தன. "மேடம், இது வழக்கை ஜெயிக்க வைக்கும். உங்களை உள்ள தள்ளும். ரெண்டும் ஒரே காகிதத்துல இருக்கு. வேற வழி இருக்கான்னு பாக்கட்டுமா?"

"வேற வழி பாத்துப் பாத்துத்தான் சார் இங்க வந்து நிக்கிறோம்" என்றாள் அவள்.

மறுசீராய்வு மனு எடுக்கப்பட்ட அன்று தீர்ப்பாயத்தில் உட்கார இடமில்லை. முகத்தில் அம்மைக் கறை மறையாத ஆண்களும் பெண்களும் சுவரோரம் நின்றார்கள். நிரஞ்சனா கூண்டில் ஏறி, ரத்தத்தில் கிடைத்த துணுக்கைப் பற்றிச் சொன்னாள். சேஷகிரி எழுந்தார். இந்த முறை அவர் கையில் ஒன்றும் இல்லை.

"இந்தத் துணுக்கை வேறெந்த ஆய்வகமும் கண்டுபிடிக்கவில்லை. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?"

"அந்த மருந்தைச் செய்தவள் நான்."

சலசலப்பு எழுந்தது. சேஷகிரி அதை எதிர்பார்த்திருந்தார் என்பது அவர் கண்ணில் தெரிந்தது. "உங்கள் மருந்து எதிர்ப்புச் சக்தியை அழிக்கும் என்று உங்கள் கட்டுரையில் எங்கே சொல்லியிருக்கிறீர்கள்?"

"சொல்லவில்லை. மறைத்தேன்." குறிப்பேட்டைத் திறந்து நடுவரின் மேசைமேல் வைத்தாள். "நாற்பதில் பதினொன்று. தேதியும் என் கையெழுத்தும் இருக்கின்றன. பக்கத்தில் 'இதை நீக்கிவிடு' என்று பச்சை மையில் எழுதியது பேராசிரியர் ராமதுரை. இன்று அவர்தான் அந்த ஊசியை விற்கிற நிறுவனத்தின் இயக்குநர்."

"ஆக, முனிராஜின் சாவுக்கு நீங்களே காரணம் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்!"

"காரணங்களில் ஒருத்தி. மற்றவர்கள் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கட்சிக்காரருக்கு நிக்கல் தூசியைத் துடைக்கத் தெரியவில்லை. காற்றை இழுக்க ஒரு விசிறி வைத்திருந்தால் போதும். வைக்கவில்லை. மனிதர்களைத் துடைத்தார்கள். இருநூற்றுப் பத்துப் பேரைப் பாத்திரம் மாதிரி வரிசையில் நிறுத்தித் துலக்கினார்கள். சேஷகிரி சார், அன்றைக்கு நீங்கள் பச்சைக் குழந்தையின் ரத்தம் மாதிரி சுத்தமான அறிக்கையைக் கையில் பிடித்திருந்தீர்கள். ஐம்பது வயதுக்காரருக்கு அப்படி ஒரு ரத்தம் இருக்க முடியாது என்று கேட்க உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை."

சேஷகிரி ஏதோ சொல்ல வந்தார். நடுவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

பொடிக்கூடத்துக்கு அன்று மாலையே சீல் வைத்தார்கள். ராமதுரையை விமான நிலையத்தில் பிடித்தார்கள். ஆலையின் இயக்குநர்கள் இருவர் தலைமறைவானார்கள். நிரஞ்சனாவின் ஆய்வகத்தை மூடினார்கள். அவள் பட்டத்தைத் திரும்பப் பெறுவதுபற்றிப் பல்கலைக்கழகம் குழு அமைத்தது. அவள்மேலும் வழக்குப் பதிவானது. ஜாமீனில் வந்து, திங்கள்கிழமைதோறும் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டாள். அங்கிருந்த எழுத்தர் ஒருநாள், "நீங்களா போயி எதுக்கு மாட்டிக்கிட்டீங்க?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

ஜூன் மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஊசி போட்டுக்கொண்ட எல்லாருக்கும் தடுப்பூசிகளை முதலிலிருந்து போடத் தொடங்கினார்கள். பெரியவர்களுக்கென்று அட்டை அச்சடித்திருக்கவில்லை. கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கும் இளஞ்சிவப்பு அட்டையையே கொடுத்தார்கள். நரைத்த மீசைக்காரர் ஒருவர், பிறந்தபோது எடை எவ்வளவு என்ற கட்டத்தைக் காட்டி நர்ஸிடம் வேடிக்கையாக ஏதோ கேட்டார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த நிமிடம் அவரே அந்த அட்டையைக் கசக்கித் தரையில் எறிந்து, "பேரப்புள்ளைக்குப் போடறத எனக்குப் போடறானுங்க!" என்று கத்தினார். யாரும் அவரைச் சமாதானப்படுத்தவில்லை.

நிரஞ்சனா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். உள்ளே போக அவளுக்கு அனுமதியில்லை. மாதம்மா புஜத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தாள். பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடுவாள் என்று நிரஞ்சனா நினைத்தாள். அவள் வந்து நேருக்கு நேர் நின்றாள்.

"ஜப்பார் சாரு ஒரு லிஸ்ட்டு குடுத்தாராமே உங்ககிட்ட. ஊசி எங்கெல்லாம் போயிருக்குதுன்னு. எனக்கு இங்கிலீசு வராது."

நிரஞ்சனா பையிலிருந்து எடுத்தாள். ராமதுரை நிறுவனத்தில் பறிமுதல் செய்த தாள்களின் நகல். "அறுபத்தோரு கம்பெனி. சாய ஆலை, தோல் ஆலை, பூச்சிமருந்து..."

"எத்தினி பேரு?"

"நாற்பதாயிரத்துக்கு மேல."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அரசாங்கம் கடிதம் அனுப்பும்னு சொல்றாங்க. கம்பெனி விலாசத்துக்கு."

"கம்பெனிக்கா!" மாதம்மா பஞ்சைத் தரையில் வீசினாள். நாக்கின் நுனிவரை வந்த வார்த்தையை அங்கே நின்ற குழந்தைகளுக்காக விழுங்கினாள். "உங்கள நான் மன்னிக்கல. அது தெரிஞ்சுக்குங்க. எந்த ஜென்மத்துலயும் மன்னிக்க மாட்டேன்."

"தெரியும்."

"இதுல கிட்டக்க இருக்கிறது எது?"

நிரஞ்சனாவுக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு விரலால் வரிகளைத் தேடினாள். "ராயக்கோட்டை ரோட்ல ஒரு பெயின்ட் கம்பெனி. முந்நூறு பேர்."

"ஷிப்டு எப்ப விடுவான்?"

"அநேகமா ரெண்டு மணிக்கு."

மாதம்மா எதிர்ச்சாரியில் வந்துகொண்டிருந்த பஸ்ஸைப் பார்த்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாலையைக் கடந்து, கைகாட்டி நிறுத்தி ஏறினாள். நிரஞ்சனாவும் ஓடிப்போய்ப் பின்படியில் ஏறிக்கொண்டாள். இருவர் உட்காரும் இருக்கை ஒன்று காலியாக இருந்தது. மாதம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் பையை வைத்துக்கொண்டாள். நிரஞ்சனா கம்பியைப் பிடித்து நின்றபடி, அந்தத் தாளில் இருந்ததையெல்லாம் ஒவ்வொரு வரியாகத் தமிழில் அவளுக்குப் படித்துச் சொல்லிக்கொண்டு போனாள்.